மயிலாப்பூர் மாடி வீடும் கோபன்ஹேகன் குவாண்டமும்



ஊர்ல இருந்து மெயில் அனுப்புற தம்பி தங்கச்சிங்க கேக்குற கேள்வி இப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான்: "அண்ணே, குவாண்டம் படிச்சா வேலை கிடைக்குமா?" அவங்களைப் பெத்தவங்க கேக்குறது இன்னும் நேரடியா இருக்கும்: "தம்பி, இந்தக் கோர்ஸுக்கு இவ்வளவு பணம் கட்டலாமா?"

முதல்லயே சொல்லிடறேன், நான் குவாண்டம் ஆளு கிடையாது. விபோர்க் பக்கத்துல ஃபௌலும்ங்கற இடத்துல, ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தோட வேளாண் ஆராய்ச்சி மையத்துல மண்ணோடயும் உரத்தோடயும் மாரடிக்கிறவன். ஆனா இருக்கறது நீல்ஸ் போர் பிறந்த நாட்டுல. (விபோர்க்லயே ஒரு "போர்" ஒளிஞ்சிருக்கு பாருங்க. சரி சரி, அடிக்க வராதீங்க.) அதனால அந்தக் கேள்விக்கு ஜோசியம் சொல்றதுக்குப் பதிலா வரலாறு சொல்லலாம்னு தோணிச்சு. குவாண்டத்தால தொழிலுக்கும் படிப்புக்கும் வேலைக்கும் என்ன லாபம்னு கேட்டா, நூறு வருஷக் கணக்குப் புத்தகமே திறந்து கிடக்குதே! அதுல நம்ம மயிலாப்பூருக்கும் ஒரு பக்கம் இருக்கு. அந்தப் பக்கத்தைப் படிச்சா கொஞ்சம் பெருமையா இருக்கும், கொஞ்சம் வயிறும் எரியும்.

வீட்டோட சேர்ந்த ஆராய்ச்சிக்கூடம்

1913ல போர் தன்னோட அணு மாடலை வெளியிட்டார். எலக்ட்ரான் கண்ட இடத்துல சுத்தாது, படிக்கட்டு மாதிரி குறிப்பிட்ட ஆற்றல் நிலைகள்லதான் இருக்கும்னு சொன்ன மாடல். நாலஞ்சு வருஷத்துல அவருக்கு ஒரு ஆசை வந்துச்சு. கோட்பாட்டு இயற்பியலுக்குன்னு தனியா ஒரு நிறுவனம் வேணும். அரசாங்கம் கொஞ்சம் குடுத்தது. நண்பர்கள் பணம் திரட்டி நிலம் வாங்கிக் குடுத்தாங்க. 1921 மார்ச் 3ம் தேதி கோபன்ஹேகன் பிளெக்டம்ஸ்வை தெருவுல அந்தக் கட்டடம் திறந்தாங்க. அப்போ போருக்கு வயசு 35.

பேர்தான் கோட்பாட்டு இயற்பியல் நிறுவனம். ஆனா கட்டடத்துல ஆய்வுக்கூடமும் பட்டறையும் இருந்துச்சு. மேல் மாடியில போர் குடும்பத்தோட குடியிருந்தார். அதாவது மேல குழந்தைங்க விளையாடும், நடுவுல ஹைசன்பர்க் மாதிரி பொடியனுங்க சண்டை போடுவாங்க, கீழ ஒருத்தர் கருவியை முடுக்கிக்கிட்டு இருப்பார். இந்த "கீழ" ரொம்ப முக்கியம். ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னும் பாத்துடலாம். போர் வேலைகளுக்கு ரொம்ப காலம் முட்டுக்குடுத்தது கார்ல்ஸ்பர்க் அறக்கட்டளை. ஆமாங்க, அதே பீர் கம்பெனிதான். ஜே.சி.யாகோப்சன்ங்கற பீர் முதலாளி 1876ல ஆரம்பிச்சு வெச்சது. பீர் வித்த காசு அறிவியலுக்குப் போகணும்னு எழுதியே வெச்சுட்டார் மனுஷன். நம்ம ஊர்ல டாஸ்மாக் வருமானம்... சரி வேணாம், பதிவு வேற பக்கம் போயிடும் :-)

ஒரு தனிமம், 84 வருஷம்

தொழிலுக்கு என்ன லாபம்னு கேட்டீங்கல்ல? எனக்குத் தெரிஞ்ச அழகான உதாரணம் இதுதான்.

தனிம அட்டவணையில 72ம் இடம் ரொம்ப நாளா காலியா கிடந்துச்சு. அது அருமண் வகையைச் சேர்ந்ததாத்தான் இருக்கும்னு பலபேர் நம்பி, அருமண் தாதுக்கள்ல தேடிக்கிட்டு இருந்தாங்க. போரோட குவாண்டம் கணக்கு வேற சொல்லிச்சு: 72ம் தனிமம் சிர்க்கோனியத்தோட தம்பியா இருக்கணும். அந்த நிறுவனத்துலயே இருந்த டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் ஹெவிசியும் சிர்க்கோனியத் தாதுவை எடுத்து எக்ஸ்ரே நிறமாலையில பாத்தாங்க. இருந்துச்சு! 1922 டிசம்பர்ல போர் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போயிருந்தப்பவே சேதி போய்ச் சேர்ந்து, நோபல் உரையிலயே அறிவிச்சுட்டார். 1923ல கட்டுரை வந்துச்சு. கோபன்ஹேகனோட லத்தீன் பேர் "ஹாஃப்னியா". அதை வெச்சு தனிமத்துக்கு ஹாஃப்னியம்னு பேர் சூட்டினாங்க.

அன்னைக்கு ஒரு முதலாளி வந்து "இதால எனக்கு என்ன லாபம்?"னு கேட்டிருந்தா யாராலயும் பதில் சொல்லியிருக்க முடியாது. 1950கள்ல அணு உலைகள்ல கட்டுப்பாட்டுத் தண்டு செய்ய ஹாஃப்னியம் உதவிச்சு, நியூட்ரானை நல்லா உறிஞ்சும்ங்கறதால. அப்புறம் பல வருஷம் பெரிசா சத்தமில்ல.

அடுத்த கட்டம் கம்ப்யூட்டர் சிப்புல வந்துச்சு. டிரான்சிஸ்டர் சின்னதாக சின்னதாக, அதுக்குள்ள இருக்கற சிலிக்கான் ஆக்சைடு காப்புப் படலம் ரெண்டாயிரங்கள்ல அஞ்சு அணு தடிமனுக்கு வந்து நின்னுச்சு. அவ்வளவு மெல்லிசா ஆனா எலக்ட்ரான் சுவரைத் தாண்டாமலே அந்தப் பக்கம் போயிடும். இதுவும் குவாண்டம் விளையாட்டுதான், "சுரங்கப் பாய்ச்சல்"னு பாடத்துல படிச்சிருப்பீங்க. மின்சாரம் கசிஞ்சு சிப் சூடாகும். 2007ல இன்டெல் தன்னோட 45 நானோமீட்டர் சிப்புல ஹாஃப்னியம் கலந்த காப்புப் படலத்தைக் கொண்டு வந்துச்சு. படலம் தடிமனாவும் இருக்கும், வேலையும் செய்யும். அதுக்கப்புறம் வந்த முன்னணி சிப் எல்லாத்துலயும் இந்த வழிதான்.

ஃபௌலும்ல எங்க ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்துலயே ஆப்பிள் கம்பெனியோட பிரம்மாண்ட டேட்டா சென்டர் இருக்கு. 2020ல திறந்தது. அந்தப் பக்கம் சைக்கிள்ல போறப்பல்லாம் நினைச்சுக்குவேன்: உள்ள ஓடற சிப்புங்கள்ல எல்லாம் கோபன்ஹேகன் பேரைச் சுமக்கற ஒரு தனிமம் பொட்டு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. 1923ல கண்டுபிடிச்சது 2007ல சிப்புக்கு வந்துச்சு. 84 வருஷம்! குவாண்டத்துல காசு போடறவங்க முதல்ல மனப்பாடம் பண்ண வேண்டிய எண் இது.

அவரைச் செடியும் புற்றுநோய் ஆஸ்பத்திரியும்

எங்க துறைக்கும் இந்தக் கதையில பங்கு உண்டு. அதே ஹெவிசி, அதே 1923ல, அவரை வகைச் செடியோட வேரை கதிரியக்க ஈயம் கலந்த தண்ணியில வெச்சு, ஈயம் வேர்ல எவ்வளவு, தண்டுல எவ்வளவு, இலையில எவ்வளவு போச்சுன்னு அளந்தார். உயிருக்குள்ள ஒரு பொருள் எங்க போகுதுன்னு கதிரியக்கத்தை வெச்சுத் துப்பறியற வித்தை அங்கதான் ஆரம்பம். 1935ல எலிகளுக்குக் கதிரியக்க பாஸ்பரஸ் குடுத்து, எலும்பு சும்மா கட்டை மாதிரி இல்ல, ஓயாம புதுப்பிச்சுக்கிட்டே இருக்குன்னு காட்டினார். அணு மருத்துவத்தோட தாத்தா இவர்தான். போட்ட உரத்துல செடி எவ்வளவு எடுத்துச்சு, எவ்வளவு வீணாச்சுன்னு வேளாண்மையில கண்டுபிடிக்கறதுக்கும் அடிப்படை இதே வித்தை.

(1940ல நாஜிப் படை கோபன்ஹேகனுக்குள்ள நுழைஞ்சப்ப, அங்க பத்திரமா இருக்கட்டும்னு வந்திருந்த ரெண்டு ஜெர்மன் விஞ்ஞானிகளோட தங்க நோபல் பதக்கத்தை இராஜ திராவகத்துல கரைச்சு அலமாரியில வெச்சவரும் இதே ஹெவிசிதான். போர் முடிஞ்சு வந்து பாத்தா ஜாடி அப்படியே இருந்துச்சு! தங்கத்தைப் பிரிச்சு எடுத்து மறுபடி பதக்கமா அடிச்சுக் குடுத்தாங்க.)

அடுத்து ஒரு ஜப்பான்காரர். யோஷியோ நிஷினா. 1923ல கோபன்ஹேகன் வந்து 1928 வரைக்கும் இருந்தார். கிளம்பற சமயத்துல ஆஸ்கர் கிளைனோட சேர்ந்து ஒரு சூத்திரம் போட்டார். எக்ஸ்ரே, காமா கதிர்கள் எலக்ட்ரான் மேல மோதி எப்படிச் சிதறும்ங்கற கணக்கு. இன்னைக்குப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை திட்டமிடற மென்பொருள்ல அந்தக் கிளைன்-நிஷினா சூத்திரம் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், நிஷினா ஊருக்குத் திரும்பிப் போய் பண்ணினது. 1931ல ரிக்கன் நிறுவனத்துல தனி ஆய்வகம் ஆரம்பிச்சு, கோபன்ஹேகன் பாணியில பொடியனுங்களைச் சேர்த்து வளர்த்தார். அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான் 1965ல நோபல் வாங்கின டோமோனாகா. 2023ல ஜப்பான் சொந்தமா செஞ்ச முதல் மீகடத்தி குவாண்டம் கம்ப்யூட்டரை, 64 க்யூபிட், பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது எந்த நிறுவனம்னு நினைக்கறீங்க? அதே ரிக்கன்.

ஒரு மாணவன் போனான், வந்தான், பத்து பேரை வளர்த்தான். நூறு வருஷம் கழிச்சு மெஷின் நிக்குது.

நம்மாளுங்க எங்க போனாங்க?

நம்மாளும் போனார். 1932ல, கேம்பிரிட்ஜ்ல படிச்சிக்கிட்டு இருந்த சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் எஸ்.சந்திரசேகர், டிராக் சொன்ன யோசனைப்படி கோபன்ஹேகன் வந்து ஒரு வருஷம் இருந்தார். அதுக்கு முன்னாடியே, 1930ல கப்பல்ல இங்கிலாந்து போறப்பவே, குவாண்டம் விதியை நட்சத்திரத்துக்குப் போட்டுப் பாத்து "சந்திரசேகர் எல்லை"க்கு விதை போட்டுட்டார். அப்புறம் அமெரிக்கா, 1983ல நோபல். ஊருக்குத் திரும்பி ஒரு கூட்டத்தை வளர்க்கற வாய்ப்பு அவருக்கு அமையல.

அந்த வேலையை இன்னொருத்தர் செஞ்சார். அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியல் சட்ட வரைவுக் குழுவுல இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரோட மகன். 1957-58ல அமெரிக்காவுல பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்குப் போனவர், அங்க தினம் தினம் நடக்கற கருத்தரங்கங்களைப் பாத்து அசந்து போய்த் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் வேலை. புது நிறுவனம் ஆரம்பிக்கக் காசு கிடையாது. என்ன பண்றது? மயிலாப்பூர் லஸ் பக்கத்துல தன்னோட குடும்ப வீடு "ஏகாம்ர நிவாஸ்"லயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம் ஆரம்பிச்சுட்டார். மாணவ மாணவியர் ஒரு சின்னக் கூட்டம். இந்தியா வர்ற வெளிநாட்டு விஞ்ஞானிகளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து பேச வைப்பார். வீட்டம்மா லலிதா ராமகிருஷ்ணன் வந்தவங்களுக்கெல்லாம் விருந்தோம்பல்.

1960 ஜனவரியில நீல்ஸ் போரே மெட்ராஸ் வந்தார். அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பசங்களோட பேசினார். 35 வயசுல தன் வீட்டையே ஆராய்ச்சிக்கூடத்துல வெச்சிருந்த மனுஷனுக்கு, வீட்டையே ஆராய்ச்சிக்கூடம் ஆக்கின இன்னொருத்தரைப் பாத்தா எப்படி இருந்திருக்கும்! இந்தியாவுல தன்னைக் கவர்ந்தது ரெண்டு விஷயம்னு போர் பத்திரிகைக்காரங்க கிட்டச் சொன்னதா, ராமகிருஷ்ணனோட மகனும் கணித அறிஞருமான கிருஷ்ணசுவாமி அல்லாடி எழுதியிருக்கார்: ஒண்ணு, பம்பாயில ஹோமி பாபாவோட பிரம்மாண்டமான அணுசக்தி ஏற்பாடு. இன்னொண்ணு, மெட்ராஸ்ல ராமகிருஷ்ணன் பயிற்சி குடுத்துக்கிட்டு இருக்கற சின்ன மாணவர் கூட்டம். ஒரு பக்கம் அரசாங்கமே பின்னாடி நிக்கற பெரிய கட்டமைப்பு, இன்னொரு பக்கம் ஒரு வீட்டு மாடி. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சார் போர்!

அந்தச் சேதி நேரு காதுக்குப் போச்சு. அப்போ மாநிலக் கல்வி அமைச்சரா இருந்த சி.சுப்பிரமணியம் முன்ன நின்னு, நேரு மெட்ராஸ் வந்தப்ப ராஜ்பவன்ல அந்த மாணவர்களைச் சந்திக்க வெச்சார். 1962 ஜனவரி 3ம் தேதி கணித அறிவியல் நிறுவனம், நம்மாளுங்க செல்லமா சொல்ற "மேட்சயன்ஸ்", பிறந்துச்சு. மாநிலக் கல்லூரி வளாகத்துல விழா. திறந்து வெச்சவர் யார் தெரியுமா? அதே கல்லூரி பழைய மாணவர், அதே கோபன்ஹேகன் போய் வந்தவர், எஸ்.சந்திரசேகர். இன்னைக்கு அந்த நிறுவனம் தரமணியில இருக்கு. அந்த வழியா பஸ்ல போற ஆயிரம் பேர்ல எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

அந்தக் கூட்டத்துல வளர்ந்தவங்க சாதாரண ஆளுங்க இல்ல. சேலத்துல பிறந்த ஏ.பி.பாலச்சந்திரன் அமெரிக்காவுல சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துல பல பத்தாண்டு பேராசிரியர். பின்னாடி 1980கள்ல மேட்சயன்ஸ் இயக்குநரா வந்தவர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில படிச்ச இ.சி.ஜி.சுதர்சன். லேசர் ஒளியோட குவாண்டம் தன்மையை விவரிக்கற அவரோட 1963ம் வருஷக் கணக்கு இன்னைக்கும் குவாண்டம் ஒளியியலோட அரிச்சுவடி. 2005ல அதே துறைக்கு நோபல் கிளாபருக்குப் போச்சு, சுதர்சனுக்கு இல்ல. அது ஒரு தனிப் பதிவுக்கான சோகம்.

தரமணியும் ஆர்ஹுஸும்

2000ம் வருஷம். "பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்" இதழ்ல அடுத்தடுத்து ரெண்டு கட்டுரை. ரெண்டும் ஒரே கேள்விக்கு விடை. ரெண்டு ஒளிக்கற்றை, இல்லாட்டி ரெண்டு அணுக்கூட்டம், குவாண்டம் பின்னல்ல இருக்கா இல்லையான்னு எப்படி நிச்சயமா சொல்றது? ஒரு கட்டுரை ஐரோப்பாவுல டுவான், கீட்கே, சிராக், சோலர் நாலு பேர் எழுதினது. இன்னொண்ணு தனி ஆளா எழுதினது: ஆர்.சைமன், கணித அறிவியல் நிறுவனம், சென்னை. இன்னைக்கும் "சைமன் அளவுகோல்"னுதான் உலகம் பூரா சொல்றாங்க.

அடுத்த வருஷமே, 2001ல, இங்க எங்க ஆர்ஹுஸ்ல, விபோர்க்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, யூஜின் போல்சிக் குழு ரெண்டு கண்ணாடிக் குடுவையில சீசியம் வாயுவை அடைச்சு, ஒவ்வொண்ணுலயும் சுமார் ஒரு லட்சம் கோடி அணு, லேசர் ஒளியால ரெண்டையும் பின்னிக் காட்டினாங்க. அரை மில்லிசெகண்டு நிலைச்சு நின்னுச்சு. இந்த மாதிரி சோதனையில "ஆமாம்பா, பின்னல்தான்"னு சத்தியம் பண்ண அந்த வகை அளவுகோல்தான் வேணும். தரமணியில காகிதத்துல போட்ட கணக்கும் ஆர்ஹுஸ் ஆய்வுக்கூடமும் ஒரே காலத்துல ஒரே கேள்வியைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு.

அதே ஆர்ஹுஸ்ல 1999ல கிளாஸ் மோல்மரும், அப்போ மாணவரா இருந்த ஆண்டர்ஸ் சோரன்சனும், அயனிகளை வெச்சுக் கணக்குப் போடறதுக்கு ஒரு வழி எழுதினாங்க. அயனி கொஞ்சம் சூடா ஆடிக்கிட்டு இருந்தாலும் கணக்கு தப்பாதுங்கறது அதோட விசேஷம். இன்னைக்கு அமெரிக்காவுல அயான்க்யூ மாதிரி கம்பெனிங்க செய்யற குவாண்டம் கம்ப்யூட்டர்ல அடிப்படைச் செயலே அந்த "மோல்மர்-சோரன்சன் கேட்"தான்.

இங்கதான் வயிறு எரியற இடம் வருது. போல்சிக் குழு அதே அணு வித்தையை வெச்சு 2016ல தவளை நரம்புல ஓடற மின் துடிப்போட காந்தப்புலத்தை, நரம்பைத் தொடாமலே அளந்து காட்டினாங்க. கோபன்ஹேகன்ல ஒற்றை ஒளித்துகள் சிப் செய்யற ஸ்பாரோ குவாண்டம் மாதிரி கம்பெனிங்க முளைச்சிருக்கு. தரமணி கணக்குக்குப் பக்கத்துல அப்படி ஒரு தெரு முளைக்கல. ஏன்?

மூளை குறைச்சல்னு யாரும் சொல்ல முடியாது. மேல சொன்ன பேர்களே சாட்சி. நான் பாக்கறது அந்த "கீழ" விஷயம். கோபன்ஹேகன் கட்டடத்துல கணக்குக்கும் பட்டறைக்கும் நடுவுல ஒரு மாடிப்படிதான் தூரம். ஹாஃப்னியம் அப்படித்தான் கிடைச்சது. போர் கணக்கு மேல, எக்ஸ்ரே கருவி கீழ. மேட்சயன்ஸ் கோட்பாட்டுக்கு மட்டும்னு திட்டமிட்டு ஆரம்பிச்ச நிறுவனம். அது தப்பில்ல, கையில இருந்த காசுக்கு அதுதான் முடியும். கோட்பாடு இலவசமாப் பறக்கும், யார் வேணாலும் எடுத்துக்கலாம். ஆனா தொழில் பட்டறை இருக்கற இடத்துலதான் வேர் விடும்.

பட்டறை நம்ம பக்கம் அடியோட இல்லாமலும் இல்ல. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல "ஸ்க்விட்"னு ஒரு மீகடத்திக் காந்த உணர்வியைச் சொந்தமா செஞ்சு, இதயமும் மூளையும் உண்டாக்கற நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கற கருவி வரைக்கும் கட்டியிருக்காங்க. அசல் குவாண்டம் கருவி அது, நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துல!

மெஷின் வாங்கற காலம்

இப்ப எல்லா நாடும் மெஷின் வாங்குது. டென்மார்க்ல பீர் அறக்கட்டளை செஞ்ச வேலையை இன்னைக்கு இன்சுலின் அறக்கட்டளை செய்யுது. நோவோ நார்டிஸ்க் அறக்கட்டளை 2022ல நீல்ஸ் போர் நிறுவனத்தோட சேர்ந்து 150 கோடி குரோனர் திட்டம் அறிவிச்சது. 2025 ஜூலையில டேனிஷ் அரசோட முதலீட்டு நிதியும் அதே அறக்கட்டளையும் 8 கோடி யூரோ போட்டு, மைக்ரோசாஃப்ட், ஆட்டம் கம்ப்யூட்டிங் மூலமா "மாக்னே"ங்கற கம்ப்யூட்டர் கட்டறதா அறிவிச்சாங்க. சுமார் 1,200 அணு க்யூபிட், அதுல இருந்து பிழை திருத்தின 50 க்யூபிட்ங்கறது திட்டம்.

இந்தியாவுல 2023 ஏப்ரல்ல தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒப்புதல். நாலு மையம். குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடிக்கு. பக்கத்து ஆந்திராவுல அமராவதி "குவாண்டம் பள்ளத்தாக்கு"ல ஐபிஎம்மோட 156 க்யூபிட் மெஷின் வைக்கறதா 2025ல அறிவிப்பு. உடனே "தமிழ்நாட்டுக்கு எப்போ?"னு கேள்வி. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா மெஷின் வந்துட்டா வேலை வந்துடும்னு நினைச்சா, மேல சொன்ன கதையில அப்படி ஒரு தடவைகூட நடக்கலைங்கறதைக் கவனிங்க. ஆள் முதல்ல, பட்டறை கூடவே, மெஷின் கடைசியில.

தொழிலுக்கு என்ன பலன்னு நேர்மையா பிரிச்சா இப்படித்தான் வரும். குவாண்டம் உணர்விகள்: கல்பாக்கம் ஸ்க்விட் மாதிரி, இப்பவே வேலை செய்யுது. குவாண்டம் சாவி, அதாவது ஒட்டுக்கேட்டா காட்டிக்குடுக்கற தகவல் தொடர்பு: 2022ல டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜ்ல இருந்து விந்தியாசல் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல, ஏற்கெனவே போட்டிருந்த கம்பியிலயே செஞ்சு காட்டினாங்க. சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவுல முளைச்ச க்யூநு லேப்ஸ் இந்தத் துறைக் கம்பெனிதான். கம்ப்யூட்டர்: மருந்து, உரம், புதுப் பொருள்னு கனவு நிறைய. என் துறையில காத்துல இருக்கற நைட்ரஜனைப் பாக்டீரியா எப்படிச் சாதா வெப்பத்துல உரமாக்குதுன்னு குவாண்டம் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுக் குடுக்கும்னு ரொம்ப நாளா பேச்சு. நடந்தா முதல் ஆளா கை தட்டுவேன். இன்னும் நடக்கல. 84ங்கற எண்ணை மறக்காதீங்க.

அப்ப படிக்கலாமா வேணாமா?

படிங்க. ஆனா எதைங்கறதுதான் விஷயம்.

ஒரு குவாண்டம் ஆய்வுக்கூடத்துக்குள்ள போனா எழுபத்தஞ்சு சதவீதம் பேர் கரும்பலகையில கணக்குப் போடுவாங்கன்னு நினைக்காதீங்க (சதவீதம் சும்மா ஒரு பேச்சுக்கு!). கிரையோஜெனிக்ஸ், அதாவது உறைகுளிர் தொழில்நுட்பம், வெற்றிடப் பம்பு, மைக்ரோவேவ் எலக்ட்ரானிக்ஸ், லேசர், நுண்ணிய லேத் வேலை, கட்டுப்பாட்டு மென்பொருள். இதெல்லாம் செய்யற கைதான் அதிகம் வேணும். உலகம் பூரா குவாண்டம் கம்ப்யூட்டரைக் குளிர வைக்கற கருவி விக்கற புளூஃபோர்ஸ், ஃபின்லாந்துல ஒரு குளிர்நிலை ஆய்வகத்துல இருந்து 2008ல பிரிஞ்சு வந்த கம்பெனி. அவங்க விக்கறது பிரிட்ஜ்தான் சாமி! பம்பும் லேத்தும் கோயம்புத்தூர்க்காரங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. அந்த இடத்துக்கும் தரமணிக்கும் நடுவுல ஒரு மாடிப்படி கட்டினா போதும்.

அதனால பிஎஸ்சி, பிஇ படிக்கற தம்பி தங்கச்சிகளுக்கு: நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஒழுங்கான எலக்ட்ரானிக்ஸ் இந்த மூணும் கெட்டியா இருக்கட்டும். குவாண்டம் அலை ஓஞ்சாலும் இந்த மூணும் சோறு போடும். சென்னை ஐஐடி வி.பாலகிருஷ்ணன் நடத்தின குவாண்டம் இயற்பியல் வகுப்பு முழுசும் என்பிடெல்ல இலவசமா கிடக்கு. அதுல முதல் பத்து வகுப்பு பாத்துட்டு, இன்னும் ஆசை இருந்தா மேல போங்க. ஆறு வாரத்துல குவாண்டம் நிபுணர் ஆக்கறோம்னு லட்ச ரூபா கேக்கறவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. பெத்தவங்க கேள்விக்கும் இதுதான் பதில்.

அரசாங்கத்துல இருக்கறவங்க யாராவது தப்பித் தவறி இதைப் படிச்சா: மெஷினுக்கு ஒதுக்கற காசுல ஒரு துண்டை எடுத்து, இருபது பசங்களைக் கோபன்ஹேகனுக்கோ டோக்கியோவுக்கோ அனுப்பி, திரும்பி வந்தா வேலை செய்ய ஒரு பட்டறையைத் தயாரா வெச்சிருங்க. நிஷினாவுக்கு ரிக்கன் இருந்துச்சு. சந்திரசேகருக்கு அப்படி ஒரு கதவு திறந்து இருக்கல. வித்தியாசம் அவ்வளவுதான்.

1960ல போர் பம்பாயோட பிரம்மாண்டத்தையும் மயிலாப்பூர் மாடியையும் ஒரே வாக்கியத்துல சொன்னார். அந்த மாடியில உக்காந்திருந்தவங்க கையில ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு மேல எதுவும் இருந்திருக்காது. அவங்களை நம்பித்தான் மூணாவது வருஷம் ஒரு நிறுவனமே எழுந்துச்சு.

டிஸ்கி: இயற்பியல்காரங்க யாராவது இருந்தா, சைமன் அளவுகோலை எங்கப்பாவுக்குப் புரியற மாதிரி ஒரு பதிவு போடுங்கப்பா. நான் மூணு தடவை முயற்சி பண்ணினேன், "உரத்தைப் பத்தி எழுதுடா"ன்னுட்டார்.